ஒற்றை விசில்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்தேன் என்று சொன்னால், அதுவும் தொண்ணூற்றொன்றில் இருந்தேன் என்று சொன்னால், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குண்டு வெடித்த அந்த மே மாதத்து ராத்திரி நீ எங்கே இருந்தாய், சத்தம் கேட்டதா, என்ன பார்த்தாய்? நான் அன்றைக்குத் தலைவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு தூங்கிவிட்டேன். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது, டிவியில் வந்த ஒரு நாடகத்தின் முடிவில் கேட்ட ஒற்றை விசில். அதையும் நான் நேராகக் கேட்கவில்லை. ஓர் அக்கா வாயால் ஊதிக் காட்டித்தான் கேட்டேன்.

ஒரகடம் போகிற ரோட்டில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள ஷெட், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வேர்க்கடலைக் கொல்லை. இன்றைக்கு அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு வழிவிட்டே பாதி ஆயுசு போய்விடும். அன்றைக்கு மத்தியானத்தில் ஒரு சைக்கிள் போனால் தலையைத் தூக்கிப் பார்ப்போம். டிவிப் பெட்டிக்குள் வைக்கிற சின்ன டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றுவது எங்கள் வேலை. முடி மாதிரி மெல்லிசான செப்புக் கம்பி. சுற்றுகிற பெண்களில் ஒருத்தி வீட்டிலும் டிவி கிடையாது. இதைச் சொல்லி நாங்களே சிரித்துக்கொள்வோம்.

இரண்டு ஷிப்ட். காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு, இரண்டிலிருந்து ராத்திரி பத்து. வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், ஷிப்டுக்கு ஒருத்தி. எனக்கு அடுத்து வந்து உட்காருகிறவளுக்கு ரிலீவர் என்று பேர். ரிலீவர் வராமல் எழுந்திருக்கக் கூடாது. அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. ஷிப்ட் முடிந்துவிட்டது என்று பாதி சுற்றின காயிலில் கம்பியை அறுக்கக் கூடாது. அறுத்தால் அந்தக் காயில் குப்பைக்குத்தான். அதனால் வருகிறவள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து பக்கத்தில் நிற்பாள். உட்கார்ந்திருப்பவள் இழுவை தளராமல் கம்பியை விரலில் பிடித்தபடி பாதி எழுந்து நகர வேண்டும். நிற்பவள் அந்த இடுக்கில் நுழைந்து உட்கார்ந்து, அதே இழுவையோடு கம்பியைத் தன் விரலுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். தோள் இடிக்கும், முழங்கை இடிக்கும், தலை எண்ணெய் வாசம் மூக்கில் ஏறும். ஒரு நாளில் இன்னொரு மனுஷியின் உடம்புச் சூடு என்மேல் படுவது அந்த ஒரு தடவைதான்.

காரணம் இருக்கிறது. நான் தெற்கத்திக்காரி. கோவில்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போய், இரண்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு நாள் ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டவள். அடியா, உதையா, குடியா என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவர் நல்ல மனுஷன்தான். பேச மாட்டார், அவ்வளவுதான். கோபத்தில் பேசாமலிருப்பது வேறு. அதில் ஒரு சமாதானம் வரும் என்று காத்திருக்கலாம். இவருக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் ஏன் வைக்கவில்லை என்றுகூடக் கேட்க மாட்டார். நானாக ஏதாவது சொன்னால் சுவரைப் பார்ப்பார். சாயங்காலம் ஆனால் என் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்கு மறந்துபோகும். “குடிக்கல, அடிக்கல. பெறகு என்ன கேடு உனக்கு?” என்று பெற்ற அம்மாவே கேட்டாள்.

கிளம்பின அன்றைக்குக் காலையில்கூட இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். உளுந்தைத் தனியாக ஊறப்போட்டு, தட்டுப் போட்டு மூடி, அதன்மேல் குழவி நகராமலிருக்க முட்டுக் கொடுக்கிற கல்லையும் வைத்தேன். அப்புறம் போய் பஸ் ஏறிவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

மெட்ராஸில் சித்தி மகள் வீட்டில் கொஞ்ச நாள் ஒண்டியிருந்தேன். அவள் புருஷனுக்குத் தெரிந்தவர் மூலமாக இந்த வேலை கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒற்றைப் பெண்ணுக்கு அறை கொடுக்க யோசித்தார்கள். என் புருஷன் பம்பாயில் வேலை பார்க்கிறார் என்று ஒரு பொய் சொன்னேன். கம்பெனியிலும் அதே பொய். பேச்சில்லாத வீட்டிலிருந்து ஓடிவந்தவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஈ காக்கை இல்லாத அறை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பது சும்மாவா?

என் ரிலீவர் வடக்குப்பட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவள். வீடு நிறையப் பிள்ளைகள், மாமியார், நாத்தனார், இரண்டு எருமை. வாய் ஓயாது. முதல் நாள் கம்பியை வாங்கும்போதே, “இன்னா பொண்ணு, கை இப்டி ஜில்லுனு கீது? சாப்டியா இல்லியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியை ராத்திரிவரைக்கும் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நிலைமையில் இருந்தேன். அதற்கப்புறம் தினமும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் குளித்தேன், தலை வாரினேன், பஸ் பிடித்தேன். கூலிக்காக வேலைக்குப் போனேன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நாடகம் வந்தது அப்போதுதான். வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய குடும்பத்துக்கு வாக்கப்பட்ட பெண். அந்த வீட்டு வேலை மொத்தமும் அவள் தலையில். மாமியார் குத்திப் பேசுவாள், புருஷன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வான். அவளுக்காக ஒரு வார்த்தை அவன் பேசிவிட மாட்டானா என்று வாரா வாரம் ஊரே காத்துக்கிடந்தது.

ஆனால் எங்களுக்கு ஒரு தொந்தரவு. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், நாடகமும் வாரத்துக்கு ஒரு நாள். ஆகவே நாங்கள் யாருமே நாடகத்தை முழுசாகப் பார்த்தது கிடையாது. காலை ஷிப்ட் வாரத்தில் நான் பார்ப்பேன். அடுத்த வாரம் அக்கா பார்ப்பாள். புதன்கிழமை மத்தியானம் கம்பியை மாற்றிக்கொள்கிற பத்து நிமிஷத்தில், பார்த்தவள் பார்க்காதவளுக்குக் கதை சொல்ல வேண்டும். கம்பெனி முழுக்க ஒவ்வொரு மெஷினிலும் அதே கதை நடக்கும். சூப்பர்வைசர் முதலில் கத்தினார். அப்புறம் அவரே மூன்றாம் மெஷினுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுக்க ஆரம்பித்தார்.

என் முறை வரும்போது வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் பார்ப்பேன். கூடத்தில் என்றால் உள்ளே இல்லை. அவர்கள் குடும்பமே பாயில் உட்கார்ந்திருக்கும். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம். ஏதாவது நடந்தால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து “பாத்தியா, பாத்தியா” என்பார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்த்து “பாத்தியா” என்றதில்லை. நாடகம் முடிந்ததும் நான் எழுந்து போவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அக்கா பார்த்தது வடக்குப்பட்டு பஞ்சாயத்து டிவியில். அவள் கதை சொன்னால் டிவி தோற்றுவிடும். நாடகத்தில் எல்லோரும் பாடப்புத்தகம் மாதிரி பேசுவார்கள். அக்கா சொல்லும்போது அந்த மாமியார், “இன்னாடி மசமசன்னு நின்னுக்கினு கீற? அடுப்ப யார் உங்கப்பன் பத்தவெப்பானா?” என்று கேட்பாள். எனக்கு அக்காவின் மாமியாரைத்தான் பிடித்திருந்தது. பார்த்த வாரம் எது, கேட்ட வாரம் எது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசி வாரம் அக்காவின் முறையில் போய் விழுந்தது. அதற்கு முந்தின வாரம் நான் பார்த்ததோடு கதை எங்கே நின்றது என்றால், அவள் அரிசியை ஊறப்போட்டுக்கொண்டே அழுகிறாள், பரணிலிருந்து ஒரு பையை இறக்குகிறாள். அந்த ஒரு வாரம் நான் என்ன பாடு பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஓட்டமும் நடையுமாகப் போய் மெஷின் பக்கத்தில் நின்றேன். அக்கா காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“பையத் தூக்கிக்கினு பஸ் ஸ்டாப்பாண்ட வந்து பெஞ்சுல குந்திக்கினு கீறா. அந்தாண்டேருந்து புருசங்காரன் ஸ்கூட்டர்ல வர்றான். இன்னா வேகம்ன்ற? எரும மேல குந்திக்கினு வர்றாப்ல வர்றான். அதுக்குள்ள பஸ்ஸு வந்து நடுவுல நின்னுச்சா, அவ தெரியல, பஸ்ஸுதான் தெரியுது. ரெண்டு விசிலு. பஸ்ஸு போயிடுச்சு. பாத்தா பெஞ்சு காலி. அவளும் இல்ல, பையும் இல்ல. அவன் வந்தானா வரலியா, அதையும் காட்டல. அப்டியே டிவி கருப்பாயிடுச்சு, பேரு போட ஆரம்பிச்சிட்டான். நாங்கல்லாம் எழுந்து பாயச் சுருட்டறோம். அப்போ...”

நாக்கை மடித்து ஊதினாள். ஷெட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒரே ஒரு விசிலு. அதோட முடிஞ்சிபோச்சு.”

நம் ஊர் பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போகலாம், ஒரு விசில் என்றால் நில். இது கைக்குழந்தைக்கும் தெரியும். கிளம்பிப் போன பஸ் எதற்காக நின்றது? ஏறினவள் மனசு மாறி இறங்குகிறாளா? இல்லை, ஏறாமல் தயங்கி நின்றவள் கையைக் காட்டி ஓடிப்போய் ஏறுகிறாளா? இல்லை, இரண்டுமில்லாமல் வேறு யாரோ ஒரு கிழவருக்காக அடித்த விசிலா?

“அவ ஏறிட்டா. அதான் அந்த விசிலு. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அக்கா கம்பியை என் விரலுக்குக் கொடுத்தாள். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் “ஆமாக்கா” என்று சொன்னால் என்ன ஆகும்? அக்கா போய்விடுவாள். அடுத்த வாரம் நாடகம் கிடையாது. சாப்பிட்டியா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன், கம்பி கை மாறும், முடிந்தது. இத்தனை மாசமாக எனக்கு வாய்த்திருந்த ஒரே பேச்சு அந்த “ஆமாக்கா”வோடு செத்துப்போகும் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் பளிச்சென்று தெரிந்தது.

“ஏறல” என்றேன்.

அக்கா பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். “இன்னா சொல்றே நீ?”

“ஏறலக்கா. ஏறுனவ எறங்கிட்டா. அதுக்குத்தான் ஒத்த விசில்.”

“நீ பாத்தியா?”

“நீங்க மட்டும் பாத்தீங்களாக்கும்? பஸ்ஸுல்ல மறைச்சிட்டு நின்னுச்சு!”

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வடக்குப்பட்டுப் பெண்களை ஏற்றிப்போகிற கம்பெனி வேனின் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் இந்தக் கம்பெனியில் காயில் எப்போது சுற்றினார்கள் என்று கேட்பீர்கள். ஏறிட்டா கட்சி, ஏறல கட்சி என்று ஷெட்டே இரண்டாகப் பிரிந்தது. பேக்கிங்கில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஏறல கட்சி, அவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? கல்யாணமாகாத பெண்கள் எல்லோரும் ஏறிட்டா. வேன் டிரைவரிடம் நியாயம் கேட்டதற்கு, “ஒத்த விசிலுனா பிரேக்க மிதிப்பேன். யாருக்குன்னு திரும்பிப் பாத்தா வண்டி ஏரில போயி நிக்கும்” என்றார். சூப்பர்வைசர், “பாத்தவங்க பாதிப் பேரு, பாக்காதவங்கதான் ஜாஸ்தி கத்துறீங்க” என்று அலுத்துக்கொண்டார். என்னைத்தான் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் ராத்திரி அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டே மறுநாளைக்கு ஒரு ஆதாரம் தேடுவேன். முதலில் என் கைக்கு வந்தது அரிசிதான்.

“ஏங்க்கா, அரிசிய ஊறப்போட்டுட்டு ஒரு பொம்பள ஊரவிட்டுப் போவாளா? போறவளா இருந்தா எதுக்கு ஊறப்போடணும்?” என்று கேட்டேன். கேட்கும்போது என் முகத்தை நான் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டேன். கோவில்பட்டிப் பக்கத்தில் தட்டுக்கும் கல்லுக்கும் கீழே என் அரிசி என்ன ஆனதோ. அவர் எடுத்துக் கொட்டினாரா, அது அப்படியே புளித்துப் பொங்கிக் கிடந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா அன்றைக்கு அப்படியே வாயடைத்துப் போனாள். எனக்குப் பயம் வந்துவிட்டது, ஜெயித்துவிட்டேனோ என்று. நல்லவேளை, மறுநாள் மெஷினுக்கு வரும்போதே ஆரம்பித்தாள். “தோ பாரு, புளிச்சா புளிக்கட்டும்னு வுட்டுட்டுப் போயிருப்பா. போறவளுக்கு அரிசி இன்னா, உளுந்து இன்னா?” அப்பாடா என்றிருந்தது. பிறகு பெஞ்சு, பிறகு பை, பிறகு ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் வந்தவன் பின்சீட்டைத் துடைத்துவிட்டு வந்தான் என்று ஒரு நாள் நானே ஒன்றை இட்டுக்கட்டினேன். “அதெல்லாம் எவன் தொடச்சான், நான் பாத்தேன், நீ பாத்தியா?” என்று அக்கா சீறினாள். மழைக்காலம் வந்தது. ஏரி ரோட்டுக்கு வந்தது. மற்ற மெஷின்களில் எல்லோரும் நாடகத்தை மறந்து தீபாவளிச் சீட்டுக்கும் புடவைக்கும் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்தப் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தோம். நான்தான் அக்காவை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

ஆர்டர் குறைந்தது. போர்டில் ஒட்டினார்கள்: திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் ஷிப்ட் கிடையாது, எல்லோருக்கும் ஜெனரல் ஷிப்ட், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே ஷிப்ட். மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்குப் போய் விளக்கேற்றலாம், பிள்ளைகளைப் பார்க்கலாம். நான் அந்தப் போர்டு முன்னால் நின்றுகொண்டேயிருந்தேன். ஜெனரல் ஷிப்டில் ரிலீவர் எதற்கு?

திங்கட்கிழமை அக்காவை டெஸ்டிங் மேஜைக்குப் போட்டார்கள். அது ஷெட்டின் அந்தக் கோடி. நாள் பூராவும் ஒரே கூரைக்கடியில் இருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் சுற்றின காயிலை முடித்து, கம்பி நுனியை மெஷினிலேயே முடிந்துவிட்டு, துணியைப் போட்டு மூடினேன். என் விரலிலிருந்து அதை வாங்க யாரும் வரவில்லை. வடக்குப்பட்டு வேன் முதலில் கிளம்பும். அக்கா ஓடுகிற ஓட்டத்தில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வடக்குப்பட்டுப் பெண்கள் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி குழம்பு இன்னொருத்தி தட்டில் இருக்கும். நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடுவேன். கூப்பிடாத இடத்துக்குப் போய்ப் பழக்கமில்லை எனக்கு. அக்கா கூப்பிடவும் இல்லை. அவ்வளவுதான் போலிருக்கிறது, ஷிப்டோடு பழக்கமும் போச்சு என்று நினைத்தேன். எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது.

வெள்ளிக்கிழமையாக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்காமலே டப்பாவைக் கழுவத் தொட்டிக் குழாய்க்குப் போனேன். தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேச்சு கேட்டது. நாடகத்தைப் பற்றித்தான்.

“ஏறல” என்றது அக்காவின் குரல். “அவ ஏறவே இல்ல. சத்தியமா சொல்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றியிருந்தவர்களுக்கும் அப்படித்தான். “இன்னாக்கா நீ, இத்தினி நாளா ஏறிட்டா ஏறிட்டானு அந்தத் தெக்கத்திப் பொண்ணாண்ட மல்லுக்கு நின்னே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மொதல்ல அப்டித்தான் நெனைச்சேன். அது அரிசி ஊறப்போட்டத சொல்லிச்சு பாரு, அன்னிக்கே வூட்ல போயி யோசிச்சேன். அது சொல்றதுதான் நெசம். அரிசிய ஊறப்போட்டுட்டு எவடி போவா?”

“அப்பால இன்னாத்துக்கு சண்ட போட்டுக்கினு கெடந்தே?”

“ஒத்துக்கினா பேச்சு முடிஞ்சிடும்ல. அதுக்குப் பேச ஆளே இல்லடி. மூஞ்சியப் பாத்தா தெரியல? அந்தப் பத்து நிமிசத்துக்கு எப்டி ஓடியாந்து நிக்கும் தெரியுமா, பாவம். எருமைக்குத் தண்ணி காட்டச் சொல்லோகூட யோசிப்பேன், நாளைக்கு இன்னா சொல்லி இத வம்புக்கு இழுக்கலாம்னு.”

“இட்டாந்து இங்க குந்த வெக்கறதுதானே?”

“கூப்ட்டா வராது. பாவம்னு கூப்பிடறாங்கனு நெனைச்சுக்கும். ரோசக்காரி. தானா வரட்டும்.”

டப்பாவிலிருந்து தண்ணீர் வழிந்து என் புடவை நனைந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது கோபம்தான். பாவமாம்! யாரைப் பார்த்து? நான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேனே, அவளல்லவா எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள்! அப்படியே அறைக்குப் போய்விடலாம், நாளையிலிருந்து வராமலே இருந்துவிடலாம் என்றெல்லாம் தோன்றியது. காதெல்லாம் சுட்டது. ஆனால் கால் நகரவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டுகிறபோது என்னை நினைத்துக்கொண்டாளாம். இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் எப்போதாவது, எதற்காவது தண்ணீர் காட்டுகிறபோது என்னை நினைத்திருப்பாரா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைக் குழாயில் கழுவிக்கொண்டேன்.

அதோடு இன்னொன்றும் உறைத்தது. பேச்சு முடியாமலிருக்க நான் சொன்ன பொய்யை அக்கா நம்பிவிட்டாள். அரிசியை ஊறப்போட்டவள் போக மாட்டாள் என்று சத்தியம் செய்கிறாள், அதுவும் நான் சொன்னதை வைத்து. அதை அப்படியே விட என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்ப அந்த வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது நானே என்று பட்டது.

ஈர டப்பாவோடு சுவரைச் சுற்றிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றேன். எல்லோரும் கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

“யாரு சொன்னா ஏறலன்னு?” என்றேன். குரல் கொஞ்சம் பெரிசாகவே வந்துவிட்டது. “அவ ஏறிட்டா.”

அக்கா என்னைப் பார்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “இத்தினி நாளு ஏறலனு சொன்னே, இன்னிக்கு ஏறிட்டாங்கறே. இன்னா ஆதாரம் வெச்சிருக்கே?”

“எனக்கும் ஒத்த விசில்தான்க்கா அடிச்சாங்க.”

எனக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. “பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஏறாம அப்படியே நின்னேன். ரெண்டு விசில் குடுத்துக் கெளம்பிருச்சு. சரி, வீட்டுக்கே போயிருவோம்னு திரும்புனேன். அந்த வீட்டுல போயி என்ன செய்யன்னு தோணுச்சு. திரும்பிக் கையக் காட்டுனேன். அந்தக் கண்டக்டர் பாத்துட்டாரு. ஒத்த விசில் அடிச்சு நிப்பாட்டுனாரு. பம்பாயில எனக்கு யாரும் கெடையாதுக்கா.”

பழுத்த வேப்பிலை ஒன்று யாருடைய தட்டிலோ விழுந்தது. எடுத்துப் போடக்கூட அந்தத் தட்டுக்காரிக்குத் தோன்றவில்லை. அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். என் ஈரப் புடவையைப் பார்த்தாள்.

“அரிசி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஊறப்போட்டுட்டுத்தான் வந்தேன்.”

அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்தாள். அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டாள். காயிலில் கம்பி மாற்றுகிறபோது விடுகிற அதே இடம்.

“குந்து” என்றாள்.